கடைசியில் ஓர் எழுத்து

கடலிலிருந்து இருநூறடி தள்ளி என் கடை.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
வாயில் கவ்விய திருப்புளி உப்புக் கரிக்கும்.
கீழக்கரையில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும்
செம்பில் பச்சை பூத்திருக்கும்.

லுபாபா இரண்டையும் ஒரே மேசையில் வைக்கச் சொன்னாள்.
ஒன்று, மூடிப்போன பிரவுசிங் சென்டரில் நான் வாங்கிப் போட்ட டெஸ்க்டாப்.
பக்க மூடி இல்லை, அடியில் ஒரு பல்லிமுட்டை ஓடு,
960 என்று எழுதிய கிராஃபிக்ஸ் கார்டு.
அதன் இரண்டு விசிறிகளில் ஒன்றை
விரலால் தள்ளிவிட்டால்தான் சுற்றும்.
மற்றது, அவள் மச்சான் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்.
அதன் ஸ்டிக்கரிலும் 960தான்.
கடைசியில் மட்டும் ஓர் எம்.

“ரெண்டும் ஒண்ணுதானே காக்கா?”

இல்லை.
அந்த ஓர் எழுத்துக்குள்
முந்நூற்று எண்பத்து நான்கு கோர்கள் காணாமல் போயிருக்கின்றன.
பெட்டியில் ஆயிரத்து இருபத்து நான்கு,
லேப்டாப்பில் அறுநூற்று நாற்பது.
உள்ளே உட்கார்ந்திருப்பது நிஜத்தில் 750இன் சில்லு.
அண்ணன் பாஸ்போர்ட்டில் தம்பி
விமானம் ஏறிப் போன கதை.

விற்கிறவன் சொன்னால் யார் நம்புவார்?
தம்மாமில் இருக்கும் ஒருவருக்காக அவள் வரைந்த வீட்டை
இரண்டிலும் ஒரே நேரத்தில் ரெண்டர் போட்டோம்.
நான்கு தூண், ஒரு வளைவு,
இன்னும் நடாத வேப்பமரத்தின் நிழல்.

டெஸ்க்டாப் வல்லத்து இன்ஜின்போல இரைந்தது.
லேப்டாப்பின் அடியில் சோடா மூடிகளை முட்டுக்கொடுத்தேன்.
சூடு தொண்ணூறைத் தாண்டியதும்
தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது அது,
நோன்பு நாளில் அசருக்குப் போகிறவர் நடைமாதிரி.

பதினெட்டாம் நிமிடம் பெட்டியில் கூரை வந்துவிட்டது.
லேப்டாப்பில் இன்னும் ஜன்னல் கம்பி.
எனக்குக் கொஞ்சம் பெருமைதான், ஒளிப்பானேன்,
அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.
கரண்ட் போனது.

யு.பி.எஸ். ஒரே ஒரு தடவை கூவி அடங்கியது.
கூரை போயிற்று. தூண்கள் போயின.
இருட்டில் லேப்டாப் மட்டும்
பேட்டரியில், பாதிக்கும் கீழான மூச்சில்,
கம்பிகளை ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகு பொய் சொல்ல முடியவில்லை.
லேப்டாப் சில்லு போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியது,
பச்சை அதுவரை ஏறினால் மொத்தமும் போச்சு, என்றேன்.
இதைப் பிடுங்கி, அதன் தங்கப் பல்லை
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகலாம்,
நானே நாலு தடவை தேய்த்திருக்கிறேன், என்றேன்.
ஆனாலும் நம்ம ஊர்க் கரண்டுக்கு
மச்சான் கொண்டுவந்ததே இருக்கட்டும், காசு மிச்சம்
என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவள் பையிலிருந்து ஆறாயிரத்தை எண்ணி
டெஸ்க்டாப் தலையில் வைத்தாள்.

“வேகத்துக்காகவா?”

சுற்றாத விசிறியை விரலால் தள்ளிப் பார்த்தபடி சொன்னாள்:
“பத்தாந்தேதி லீவு முடியுது, அது மச்சானோட போயிரும்.
போகலைன்னாலும் ரஸீன் கேம் ஆடத் தூக்குவான்,
ராத்தா மக கார்ட்டூனுக்குத் தூக்குவா.
படம் முடியறதுக்குள்ள பாதி வீடு காணாமப் போகும்.
இதை யாரு காக்கா தூக்குவா?”

பதினான்கு கிலோ.
எந்தக் கோர் கணக்கிலும் அது எனக்குத் தட்டுப்படவில்லை.

ஆட்டோவில் ஏற்றும்போது
குலுக்கலில் ஸ்லாட் உடைந்துவிடக் கூடாதென்று
கார்டை மட்டும் தனியே கழற்றித் துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.
மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

மீதி ஐயாயிரம் பெருநாளைக்கு அப்புறம்.
பல்லிமுட்டை ஓட்டை எடுக்க மறந்துவிட்டேன்.